ஃப்ரீசருக்கு ஒரு நாள் லீவு

போன வாரம் எங்கள் ஆராய்ச்சிப் பூங்காவில் ஆயுத பூஜை. எல்லோரும் ஹாலில் கூடியிருக்கிறோம். ஒரே ஒரு மனிதர் மட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தால்... ஃப்ரீசருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பூஜைக்கு வாருங்கள் என்றோம், வரவில்லை. பொரி, சுண்டல் தருகிறோம் என்றோம், இங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்றார். ஃப்ரீசரின் பிளக் இருக்கும் சுவருக்கும் எங்களுக்கும் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு, பேங்க் வாசலில் காவல் இருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, யாரும் தொட மாட்டாங்க. எழுந்து வாங்க" என்றேன்.

"நீங்க போங்க மேடம். நான் இருக்கேன்" என்றார்.

அவர் பெயர் அந்தோணிசாமி. எங்கள் பூங்காவின் எலெக்ட்ரீஷியன். பிளம்பரும் அவர்தான். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் திறந்துவிடுபவரும், பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்பவரும் அவர்தான். கடலூர் முதுநகரில் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை பார்க்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத கத்தோலிக்கர். அப்படிப்பட்டவருக்கும் ஆயுத பூஜைக்கும் ஃப்ரீசருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் இந்தக் கதையில் தப்பு செய்தவள் நான்.

இந்தப் பக்கத்தில் மிக்ஸி ரிப்பேர் பற்றியும் பஸ் கண்டக்டர் பற்றியும் எழுதுகிற நான், மற்ற நாட்களில் என்னதான் செய்கிறேன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் ஓர் ஆராய்ச்சிப் பூங்காவின் மேலாளர். பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைத்துவிடாதீர்கள். என் நாத்தனாரே, "பார்க்குல என்ன வேல, டிக்கெட் கிழிக்கிறதா?" என்று கேட்டவர்தான். இது ஒரு வளாகம். சொந்தமாக லேப் கட்ட முடியாத சின்னச் சின்னக் கம்பெனிகள், நல்ல வேலையை உதறிவிட்டு 'எதையாவது கண்டுபிடித்தே தீருவேன்' என்று வந்தவர்கள், ஆராய்ச்சிப் படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்பவர்கள் – இவர்களுக்கெல்லாம் அறை வாடகைக்கு விடுவோம். தனியாளாக வாங்க முடியாத கருவிகளைப் பொதுவில் வைத்திருப்போம். அவர்கள் ஆராய்ச்சி செய்வார்கள். நான் கரண்டு, தண்ணீர், நெட், சாக்கடை பார்த்துக்கொள்வேன்.

திட்டம் போடும்போதே தமாஷ் ஆரம்பித்துவிட்டது. கடலூர்க்காரர்கள் பூங்கா கடலூரில்தான் வர வேண்டும் என்றார்கள். சிதம்பரத்துக்காரர்கள் சிதம்பரத்தில்தான் என்றார்கள். கடைசியில் யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம் என்று இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். நடுவில் என்றால்... பஸ் நிற்காத இடம். விஞ்ஞானிகள் எல்லாம் முந்தைய ஸ்டாப்பில் இறங்கி, வயலை ஒட்டிய ரோட்டில், லேப்டாப் பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார்கள். அலையாய் அலைந்து ஒரு ஸ்டாப் வாங்கினோம். முதல் இரண்டு வருஷத்தில் எங்கள் பூங்காவின் பெரிய கண்டுபிடிப்பு அந்த பஸ் ஸ்டாப்தான்.

அப்புறம் சென்னையிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்து ஸ்லைடு போட்டுக் காட்டினார். எல்லாம் வெளிநாட்டுப் படங்கள். கண்ணாடி அறை, கலர் கலராக மெத்தைகள், அதில் சாய்ந்துகொண்டு நாலு பேர் சிரிக்கிறார்கள். இப்படி உட்கார்ந்து பேசினால்தான் ஐடியா வரும் என்றார். பார்த்த உடனே எங்களுக்கும் அது வேண்டும் என்று தோன்றிவிட்டது. இரண்டாவது ஃப்ரீசருக்கு என்று ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்து, 'ஐடியா லவுஞ்ச்' என்று ஒரு கண்ணாடி அறை கட்டினோம். மேற்கு வெயில் நேரே உள்ளே இறங்கும். அதில் ஓர் ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்தோணி அண்ணன் மட்டும் மாப் துணிகளை அங்கே காயப்போடுவார். அரை மணியில் காய்ந்துவிடும்.

என் பங்குக்கு நான் விதிப் புத்தகம் எழுதினேன். அப்போது நான் அலுவலகக் கண்காணிப்பாளர். எனக்கு விதி என்றால் உயிர். வீட்டு ஃப்ரிட்ஜிலேயே எந்தத் தட்டில் எது என்று எழுதி ஒட்டியிருப்பவள். "கல்யாணத்தப்பவே ஒரு மேனுவல் குடுத்திருந்தா நானும் ஒழுங்கா இருந்திருப்பேன்" என்று என் வீட்டுக்காரர் சொல்லாத நாள் கிடையாது. பூங்காவுக்கு எழுதியதில் எனக்கு ரொம்பப் பிடித்தவை இரண்டு. ஒன்று, ஆராய்ச்சிப் பொருள் எதுவும் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இரண்டு, மூன்று வருஷம் முடிந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும். ஒரு நாள்கூடக் கூடுதல் கிடையாது. உள்ளே வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டால் புதிதாக வருகிறவர்களுக்கு இடம் ஏது? நியாயம்தானே? அன்றைக்கு நியாயமாகத்தான் தெரிந்தது.

ஒன்பதாம் நம்பர் அறையில் இருப்பவள் தேன்மொழி. முப்பத்து மூன்று வயது. கிள்ளைக்குப் பக்கத்தில் அவள் அப்பாவுக்கு இரண்டு காணி நிலம் இருக்கிறது. கடல் தண்ணீர் ஏறி ஏறி உப்புப் பூத்துப்போன நிலம். நாற்று நட்டால் நுனியிலிருந்து கருகும். ஒரு கட்டத்தில் அப்பா வெறுத்துப்போய், நிலத்தை அப்படியே போட்டுவிட்டு, பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் மூட்டை எடைபோடுகிற வேலைக்குப் போய்விட்டார். வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வருவார். வந்தாலும் நிலத்துப் பக்கம் போக மாட்டாராம்.

தேன்மொழிக்கு ஒரு கேள்வி. நம் நெல் கருகுகிற அதே உப்புத் தண்ணீரில், பிச்சாவரத்துச் சுரபுன்னை மரம் மட்டும் இடுப்பளவு நின்றுகொண்டு பச்சையாக இருக்கிறதே, எப்படி? அதன் வேரைச் சுற்றியுள்ள சேற்றில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை மரத்துக்கு உப்பைத் தாங்க உதவுகின்றன. அவற்றில் எதையாவது நெல் வேரோடு சேர்த்து வாழப் பழக்க முடிந்தால்? இதுதான் அவள் ஆராய்ச்சி. கேட்க எளிது. வனத்துறை அனுமதி வாங்கி, இரண்டு கோடைக்காலம் படகில் போய்ச் சேறு எடுத்து, அதிலிருந்து நூற்றுப் பதினாறு வகைகளைப் பிரித்தாள். அவற்றைச் சுண்டுவிரல் நுனி அளவு குப்பிகளில் அடைத்து, எங்களிடம் இருந்த ஒரே ஃப்ரீசரில் வைத்தாள். மைனஸ் எண்பது டிகிரி. அந்தக் குளிரில் அவை உறங்கிக்கொண்டு உயிரோடு இருக்கும்.

சேறு எடுக்க ஏன் கோடை? மழைக்காலத்தில் வாய்க்கால்களில் நல்ல தண்ணீர் வந்துவிடும், உப்பு இறங்கிவிடும். அவள் தேடுகிற ஆட்கள் அப்போது அகப்பட மாட்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் இதே நேரம் அவளுக்கு வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்தது. மார்ச்சோடு மூன்று வருஷம் முடியும். அதற்குள் நெல்லுக்கு ஒத்துவருகிற ஒன்றைப் பொறுக்கி எடுத்துவிடலாம் என்கிற நம்பிக்கை வந்திருந்தது.

"அக்கா, நாப்பத்தேழாம் நம்பர் நல்லா வருது" என்றாள் ஒருநாள். "அப்பாட்ட இன்னும் சொல்லல. சொன்னா மண்டி வேலய விட்டுட்டு வந்து நிப்பாரு."

இன்னொரு நாள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "ஒரு செட் குப்பிய என் ஃப்ரெண்டு லேப்ல வச்சுக்கட்டுமாக்கா? ஒரு சேஃப்டிக்குத்தான்."

நான் விதிப் புத்தகத்தைத் திறந்து, ஆராய்ச்சிப் பொருள் வெளியே போகக் கூடாது என்கிற வரியை விரலால் காட்டினேன். அவள் சரிக்கா என்று போய்விட்டாள்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருவோம். நம் ஊரில் கேட்கவா வேண்டும்? அன்றைக்கு அரிவாள்மனையிலிருந்து லாரி வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு, எல்லாவற்றுக்கும் ஓய்வு. எங்கள் பூங்காவில் அதை ஒரு பழைய சூப்பர்வைசர் வருஷா வருஷம் செய்துகொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்றதும், லேப் பொறுப்பையும் சேர்த்து அந்தோணி அண்ணனிடம் கொடுத்தேன். எந்த மெஷின் எதற்கு, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தேனா? இல்லை. விதிப் புத்தகத்தில் ஒரு காப்பி கொடுத்தேன்.

ஆபீஸ் பூஜை முதல் நாள் மத்தியானமே முடிந்துவிடும். அன்று வீட்டில் கொலுவுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று நான் லீவு. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டே அந்தோணி அண்ணனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"அண்ணே, எல்லா மெஷினையும் தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, ரெஸ்ட் குடுத்துடுங்க. ஒண்ணு விடாம."

அவ்வளவுதான். கடுகு வெடித்தது, நான் மறந்துவிட்டேன்.

அந்தோணி அண்ணன் மறக்கவில்லை. ஒவ்வொரு மெஷினாகத் துடைத்தார். பொட்டு வைத்தார். சுவிட்சை அணைத்தார். மைக்ராஸ்கோப், தராசு, வாட்டர் கூலர், லிஃப்ட். ஜெனரேட்டரைத் தானாக ஸ்டார்ட் ஆகாதபடி நிறுத்திவைத்தார். லேப் வாசலில் விரல் வைத்தால் திறக்கும் மெஷின் இருக்கிறதே, விரல் வைக்கிற இடத்திலேயே சரியாகப் பொட்டு வைத்து, அதையும் அணைத்துப் பூட்டுப் போட்டார்.

ஃப்ரீசருக்கும் பொட்டு வைத்தார். ஃப்ரீசருக்கும் ரெஸ்ட் கொடுத்தார்.

அலாரம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கரண்டு போனால் மேலாளர் போனுக்கு மெசேஜ் அனுப்பும். அனுப்பியது. எனக்கு முன்னால் மேலாளராக இருந்தவரின் போனுக்கு. அவர் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. நம்பரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும், அதாவது எனக்கு, தோன்றவில்லை. அவர் அதை ஏதோ லோன் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டாராம்.

சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு. அக்டோபர் வெயில் உங்களுக்கே தெரியும்.

லீவு முடிந்த அன்று காலை நான் உள்ளே போனபோது, தேன்மொழி ஃப்ரீசர் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. பனியெல்லாம் உருகி, தண்ணீர் வழிந்து, அவள் சுடிதார் நனைந்திருந்தது. கதவில் சந்தனமும் குங்குமமும், வட்டம் பிசகாமல், அவ்வளவு அழகாக வைத்திருந்தார். பக்கத்தில் அந்தோணி அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, எப்ப ஆஃப் பண்ணீங்க?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"பூஜ அன்னிக்கு மூணே காலுக்கு பாப்பா. பொட்டு வச்சுட்டு ஆஃப் பண்ணேன்." அவருக்கு அப்போதும் புரியவில்லை. "ஏன் பாப்பா, எதுனா ரிப்பேரா?"

"உள்ள இருந்ததெல்லாம் உசுருண்ணே" என்றாள்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். எத்தனையோ பேர் சங்கடப்பட்டுப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து, தரையில் இருந்த தண்ணீரைத் தன் துண்டால் ஒற்றி எடுக்க ஆரம்பித்தார். அது போனால் ஏதோ சரியாகிவிடும் என்பது மாதிரி.

அடுத்த மூன்று வாரம் தேன்மொழி ஒவ்வொரு குப்பியாகச் சோதித்தாள். நூற்றுப் பதினாறில் பதினொன்று மட்டும் உயிர் பிழைத்திருந்தன. நாற்பத்தேழு போய்விட்டது.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்று எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். பிழைத்த அந்தப் பதினொன்றில் ஓர் அதிசயம் ஒளிந்திருந்தது, விபத்து நல்லதாகப் போயிற்று... இப்படித்தானே விஞ்ஞானக் கதைகள் முடியும்? இல்லைங்க. பதினொன்றும் அவள் முன்பே வேண்டாம் என்று ஒதுக்கியவை. போனது போனதுதான்.

அவள் என்னிடம் வந்தாள். "அக்கா, மறுபடியும் முதல்லேர்ந்து எடுக்கணும். இப்ப மழ. ஏப்ரல் மே வந்தாத்தான் சேறு கிடைக்கும். அது வரைக்கும் ரூம வச்சுக்கட்டுமா?"

மார்ச்சில் அவள் காலம் முடிகிறது. ஏப்ரல் முதல் ஒன்பதாம் நம்பர் அறை ஒரு ட்ரோன் கம்பெனிக்கு என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விதியில எடம் இல்லையேம்மா" என்றேன்.

"சரிக்கா" என்றாள். அதே சரிக்கா.

அன்று சாயந்திரமே அந்தோணி அண்ணனுக்கு ஒரு மெமோவும் அடித்தேன். ஃப்ரீசரை அணைத்ததற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும். எனக்கு அது ரொம்ப ஒழுங்கான காரியமாகப் பட்டது.

மறுநாளே பதில் வந்துவிட்டது. கோடு போட்ட தாளில், பால்பாயின்ட் பேனாவில், அழுத்தி அழுத்தி எழுதியிருந்தார். 'நான்தான் அணைத்தேன். என் கைதான் அணைத்தது. எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். தேன்மொழிப் பாப்பாவை மட்டும் ரூமைக் காலி செய்யச் சொல்லாதீர்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

அதை எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் காலை டிபனின்போது என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். மனிதருக்கு எவ்வளவு நல்ல மனசு பாருங்கள், ஆனால் வேலை தெரியவில்லையே என்றேன்.

அவர் இட்லியைச் சட்னியில் தொட்டுக்கொண்டே, "நீதான சொன்ன?" என்றார்.

"என்ன சொன்னேன்?"

"அன்னிக்கு சுண்டல் தாளிச்சிக்கிட்டே போன்ல சொன்னியே. எல்லா மெஷினுக்கும் ரெஸ்ட் குடுங்க, ஒண்ணு விடாமன்னு. நான் இங்கதான ஒக்காந்திருந்தேன்."

போனை எடுத்தேன். பழைய மெசேஜைத் தேடினேன். என் குரல், பின்னால் கடுகு வெடிக்கிற சத்தம். ஒண்ணு விடாம. கேட்டுவிட்டுத் தட்டில் இருந்த இட்லியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த மெசேஜ் அவர் போனிலும் இருக்கிறது. பதில் கடிதத்தில் ஒரு வரி... 'மேடம் சொன்னதால் செய்தேன்' என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். எழுதவில்லையே மனிதர்!

ஆபீஸுக்குப் போனதும் நேராக அவரிடம் போனேன். ஜெனரேட்டர் ரூமில் இருந்தார்.

"ஏண்ணே என் மெசேஜப் பத்தி எழுதல?"

"நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க" என்றார். கொஞ்ச நேரம் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "எங்க வீட்ல ஆயுத பூஜ கெடையாது மேடம். பொரி வாங்கித் தின்னதோட சரி. எது வரைக்கும் செய்யணும்னு எனக்குத் தெரியல. நான் செய்யிறதால கொறையா போச்சுன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு பயந்தேன். கொறைச்சலா செஞ்சாத்தான் தப்பு, ஜாஸ்தியா செஞ்சா தப்பில்லன்னு நெனச்சிட்டேன்."

இன்னொருவர் வழக்கத்துக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று ஒரு மனிதர் இவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார். நான் கரண்டியைப் பிடித்த கையோடு ஆர்டர் போட்டுவிட்டு, அப்புறம் அவருக்கே மெமோவும் அடித்திருக்கிறேன். அந்த மெமோவை அவர் முன்னாலேயே கிழித்தேன். "காப்பி ஃபைல்ல இருக்குமே மேடம்" என்றார். அதையும் எடுத்து வந்து கிழித்தேன். என் வாழ்க்கையில் ஃபைலிலிருந்து ஒரு தாளைக் கிழித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் நிர்வாகக் குழுக் கூட்டம். எங்கள் குழுத் தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். மெதுவாகப் பேசுவார், பேச்சுக்கு நடுவில் தூங்கிவிட்டாரோ என்று சந்தேகம் வரும். தேன்மொழி கேட்ட கூடுதல் காலம் பற்றிய விண்ணப்பம் வந்தது. ஒருவர், விதியில் இல்லையே என்றார். இன்னொருவர், ட்ரோன் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்தாயிற்றே என்றார். ஃப்ரீசரை அணைத்த ஆள் மேல் என்ன நடவடிக்கை என்று மூன்றாமவர் கேட்டார்.

நான் எழுந்து, போனை மேஜை நடுவில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

ஏசி சத்தத்துக்கு மேல் என் குரல் கேட்டது. கடுகு வெடித்தது. கூடவே கொலுவுக்கு வந்த யாரோ, "உப்பு போட்டாச்சா?" என்று கேட்டதும் பதிவாகியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"இதுதான் ஐயா நடந்தது" என்றேன். "அவரு நான் சொன்னதச் செஞ்சாரு. அந்தப் பொண்ணு ஒரு செட்ட வெளிய வச்சுக்கறேன்னு கேட்டா, வேணாம்னு சொன்னதும் நான்தான். அலாரம் நம்பர மாத்தாததும் நான்தான். எதுனா நடவடிக்கைன்னா எம்மேல எடுங்க. அவளுக்கு டைம் மட்டும் குடுங்க."

ஆபீஸில் நான் அழுததே கிடையாது. அன்று அழுதேன்.

தலைவர் கண்ணை மூடியபடியே கேட்டார். "நம்மளால வீணாப்போன நாளைத் திருப்பிக் குடுக்கணும்னு விதியில எங்கயாவது இருக்காம்மா?"

"இல்லீங்க ஐயா."

"விதிய யாரு எழுதுனது?"

"நான்தாங்க."

"அப்ப எழுதும்மா" என்றார். அவ்வளவுதான் கூட்டம்.

எழுதினேன். பூங்காவின் தவறால் ஆராய்ச்சி தடைப்பட்டால், தடைப்பட்ட காலம் வாடகைதாரரின் மூன்று வருஷக் கணக்கில் சேராது. தடைக்கு முன்பிருந்த நிலையை அவர் மறுபடி எட்டும் நாள் முதல் மீதிக் காலம் ஓடும். அதன் கீழே இன்னொன்று: மாதிரிகளில் ஒரு செட்டை வேறு இடத்தில் வைக்க அனுமதி உண்டு. எழுதி முடித்தபோது எனக்குத் தோன்றியது. வளாகம் கட்டும்போது நாம் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்குகிறோம். பார்க்கிங், புல்தரை, பெயர்ப் பலகை, ஐடியா வருவதற்குக்கூடத் தனி அறை. நல்ல மனசோடு ஒருவர் தப்பு செய்துவிடுவார், அப்போது என்ன செய்வது என்று எந்த ஸ்லைடிலாவது பார்த்திருக்கிறோமா? நான் பார்த்ததில்லை. வீடு கட்டுகிறவர்களும் குடும்பம் நடத்துகிறவர்களும்கூட இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ட்ரோன் கம்பெனிக்கு? ஐடியா லவுஞ்சைக் கொடுத்துவிட்டோம். கண்ணாடிக்குக் கறுப்புத் திரை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள். மாப் துணி காயப்போட இடம் போயிற்றே என்று அந்தோணி அண்ணனுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

மே மாதம் வந்தது. வனத்துறையிடம் புது அனுமதி வாங்கி, தேன்மொழி மறுபடி சேறு எடுக்கக் கிளம்பினாள். எடுபிடிக்கு ஆள் வைத்துக்கொள் என்றேன். "அண்ணன் வராருக்கா" என்றாள். அந்தோணி அண்ணன் சனிக்கிழமை தோறும் முதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கிள்ளைக்குப் போயிருக்கிறார். எனக்கே அப்போதுதான் தெரியும்.

ஒரு சனிக்கிழமை நானும் போனேன். படகு சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்தது. வேர்களுக்கு நடுவில் தேன்மொழி முழங்கால் சேற்றில் இறங்கி, கரண்டியால் அள்ளி அள்ளிக் குப்பியில் போட்டாள். அந்தோணி அண்ணன் ஒவ்வொன்றையும் வாங்கி, மூடி, நம்பர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கினார்.

"பாப்பா, நாப்பத்தேழு எந்த மரத்துல எடுத்தது?" என்று கேட்டார்.

"அந்த வளைவுலண்ணே. ஆனா அதே திரும்பக் கிடைக்கும்னு இல்ல."

"பரவால்ல. எதுக்கும் அங்க ரெண்டு சேத்து எடுத்துக்க."

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும், ஐஸ் பெட்டியைக் கீழே வைக்கவில்லை அவர். கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல் மடியில் அணைத்து வைத்துக்கொண்டே வந்தார். கண்டக்டர், "என்ன பெரியவரே, மீனா?" என்று கேட்டார். "உசுரு" என்றார் அந்தோணி அண்ணன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நாற்பத்தேழு கிடைக்கவில்லை. ஆனால் தேறுகிற மாதிரி இரண்டு வகை கிடைத்திருக்கிறது என்கிறாள். அப்பாவின் நிலத்தில் ஒரு மூலையில் மட்டும் அவற்றோடு சேர்த்து நாற்று நட்டிருக்கிறாள். பச்சை பிடித்திருக்கிறது. கதிர் வருமா, கருகுமா என்பது தை மாதம்தான் தெரியும். அப்பா மண்டி வேலையை இன்னும் விடவில்லை. ஆனால் வாரம் ஒருநாள் வருகிறவர், இப்போது வந்ததும் முதலில் நிலத்துப் பக்கம் போகிறாராம். பையைக்கூட வீட்டில் வைப்பதில்லையாம். இதைச் சொல்லும்போது அவள் கண் நிறைந்துவிட்டது, என் கண்ணும்தான்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். ஃப்ரீசருக்கு முன்னால் அந்தோணி அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் கூப்பிட்டும் வரவில்லை. தலைவர் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் தேன்மொழி சந்தனக் கிண்ணத்தோடு போனாள். பின்னாலேயே நானும் போனேன்.

"இதுக்கு வைக்காத பாப்பா" என்று கதவை மறைத்தார். "போன தடவ வச்சதே போதும்."

"பொட்டு என்னண்ணே பண்ணிச்சு? நகருங்க" என்றாள். ஓடிக்கொண்டிருந்த ஃப்ரீசரின் கதவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். அவர் போன வருஷம் வைத்த அதே இடத்தில். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை உருவினாள். அதுதான் அவர் எந்நேரமும் கூடவே வைத்திருக்கிற கருவி. அதற்கும் பொட்டு வைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இது நாளான்னிக்குத்தான் கெடைக்கும். நீங்க ரெஸ்ட் எடுங்க. வந்து பொரி சாப்புடுங்க."

அந்தோணி அண்ணன் எழுந்தார். மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நாங்கள் எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

நான் இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேனா... தேன்மொழி என் பக்கம் திரும்பினாள். என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, முதுகில் ஒரு பொட்டு வைத்து, சுவிட்ச் ஆஃப் பண்ணிக் கையில் கொடுத்தாள்.

"இதுக்கும் ரெஸ்ட் குடுங்கக்கா. ஒண்ணு விடாம."